நஷ்டம் என்று நீ எழுதிய நான்கு ஏக்கர்

நம் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் நீ போட்ட செய்தியைப் பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் குளித்துவிட்டு வந்து செல்போனை எடுத்தபோது, அதற்குள் பதினான்கு பேர் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டியிருந்தார்கள். "அம்மாவின் பிடிவாதத்தால் இரண்டு வருஷமாக நிலம் நஷ்டத்தில் ஓடுகிறது. மிஷின் வைத்து விதைத்தும் பார்த்துவிட்டோம், கட்டுப்படியாகவில்லை. பெரியவர்கள் யாராவது அம்மாவுக்கு எடுத்துச் சொல்லுங்கள்" என்று எழுதி, கீழே ஓர் அட்டவணையையும் ஒட்டியிருந்தாய். கடைசி வரிக்குச் சிவப்பு மை. உன் பெரியப்பா "தம்பி சொல்வது நியாயம்தானே" என்று போட்டிருந்தார். வாலாஜாபாத் அத்தை ஒரு கும்பிடு போட்டிருந்தாள். அத்தனை பேரில் ஒருவர்கூட என்னைக் கூப்பிட்டு, "உண்மையா?" என்று கேட்கவில்லை. ஆகவே நானும் அதே இடத்தில், அதே பதினான்கு பேர் பார்க்க, எழுதுகிறேன். அடுத்த மாதம் உனக்குக் கல்யாணம். இதை வாழ்த்து என்று நினைத்துத் திறந்திருந்தால் இப்போதே மூடிவிடு. முப்பது வருஷம் சத்துணவு மையத்தில் அரிசியும் பருப்பும் அளந்து, மாதா மாதம் கணக்கு எழுதி, ஒரு கேள்வி வராமல் ஓய்வு பெற்றவள் நான், ஊருக்கு டீச்சரம்மா. எனக்கு எழுதவும் தெரியும், கணக்கும் தெரியும். நீதான் அதை மறந்துவிட்டாய்.

மிஷின் மேல் எனக்குக் கோபம் என்று குழுவில் சிலர் நினைக்கக்கூடும். இல்லை. இரண்டு வருஷத்துக்கு முன் ஆனி மாதத்தில், படப்பையில் நீ எடுத்திருக்கிற வாடகை வீட்டிலிருந்து பைக்கில் வந்தாய். ஒரகடம் கம்பெனியில் உன்னை லைன் சூப்பர்வைசர் ஆக்கியிருந்த புதிது. சட்டைப்பையில் அடையாள அட்டை தொங்கிக்கொண்டிருந்தது, அதைக் கழற்றாமலே சாப்பிட உட்கார்ந்தாய். "அம்மா, நாத்து வுட வாணாம், சேறடிக்க வாணாம், நடவு வாணாம். காஞ்ச புழுதியிலயே மிஷின் வெச்சு வரிசையா வெதைச்சிடலாம். மழை வந்தா அதுவா மொளைக்கும். அரை நாள்ல நாலு ஏக்கரும் முடிஞ்சிடும்" என்றாய். உனக்கு நினைவிருக்கும், நான் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. கால்வாய் தூர்ந்துபோய் ஏரி நிரம்பாமல் பல வருஷம் ஆகிவிட்டது. நம் நிலம் தண்ணீர் தேங்குகிற பள்ளக்கால் நிலம், ஆனால் வானத்தை நம்பிய நிலம். ஆடியில் நாற்று விட்டுவிட்டு, மழைக்காக ஐப்பசி வரை காத்திருந்து, முற்றிப்போன நாற்றைப் பிடுங்கி நட்டு, பதராக அறுத்தவள் நான். நடவு அழகு, நாற்று அழகு என்று பேசுகிறவர்கள் ஒரு நாள் குனிந்து பார்க்கட்டும். மிஷின் வருகிறது என்றதும் சந்தோஷப்பட்டேன். உன்னை நினைத்துப் பெருமைப்பட்டேன். அந்தப் பெருமையில்தான் என் முதல் தப்பைச் செய்தேன்.

பச்சையம்மாவைச் சொல்கிறேன். குழுவில் இருக்கும் சின்னவர்களுக்காகச் சொல்கிறேன், அவள் நம் ஊர் நடவு ஆட்களுக்குத் தலைவி. பத்துப் பெண்களைக் கூட்டிக்கொண்டு இருபது வருஷத்துக்கு மேல் நம் நிலத்தில் நட்டவள், களை எடுத்தவள். உன் அப்பா காஞ்சிபுரம் ஆஸ்பத்திரியில் கடைசியாகக் கிடந்தபோது, நான் அவர் கட்டிலை விட்டு நகர முடியாமல் இருந்த அந்த வாரம், கதிர் சாய்ந்துகிடந்த நம் வயலை யாரும் கேட்காமலே அறுத்து, கட்டி, வீட்டில் கொண்டுவந்து சேர்த்தவர்கள் அந்தப் பத்துப் பேர். அந்தப் பச்சையம்மா, வழக்கம்போல ஆடி பிறந்ததும் நடவு எப்போது என்று கேட்க வந்தாள். நீயும் இருந்தாய். நான் வாசற்படியில் நின்றபடி, "இனிமே மிஷின் வருது பச்சையம்மா. நீங்க வேற வேலை பாத்துக்கோங்க" என்றேன். உட்காரக்கூடச் சொல்லவில்லை. "நடவுக்கு வாணான்னு சொல்ற டீச்சரம்மா, சரி. களையயும் மிஷினே புடுங்குமா?" என்றாள். நீ சிரித்தாய். "அதுக்கு மருந்து கீதுக்கா" என்றாய். அவள் சிரிக்கவில்லை. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு போய்விட்டாள். அந்தச் சிரிப்பு உன்னுடையது, அந்தப் பேச்சு என்னுடையது. இரண்டுக்கும் சேர்த்து நான்தான் பிறகு தலைகுனிந்தேன்.

விதைப்பு நன்றாகத்தான் நடந்தது. வாடகைக்கு ஓட்டுகிற ஏழுமலை, தன் டிராக்டரில் விதைக்கிற மிஷினை மாட்டிக்கொண்டு வந்தான். அடிக்கோல் வைத்துக் கிழித்த மாதிரி கோடு கோடாக விதை விழுந்தது. நீ வரப்பில் நின்று படம் எடுத்தாய், வீடியோ எடுத்தாய், கம்பெனி நண்பர்களுக்கு அனுப்பினாய். ஐந்தாம் நாள் மழை. விதைத்தது எல்லாம் முளைத்தது. முளைக்காததும் முளைத்தது. புழுதியில் விதைத்தால் நெல்லும் களையும் ஒரே நாளில் பிறக்கும் என்று நீதான் எனக்குச் சொல்லியிருந்தாய். மழை நனைத்த மூன்றாம் நாளுக்குள் முதல் மருந்து, களை இரண்டு மூன்று இலை விட்டதும் இரண்டாம் மருந்து, இரண்டையும் நானே வந்து அடிக்கிறேன் என்று சொன்னவனும் நீதான். மழை பெய்த அன்று உனக்குப் போன் செய்தேன். "அம்மா, ஆடிட் வெச்சிகீறாங்க. லைனை வுட்டு நகர முடியாது. ஞாயித்துக்கெழம வரேன்" என்றாய். அந்த ஞாயிறு ஓ.டி. என்றாய். அடுத்த ஞாயிறு நண்பன் கல்யாணம் என்றாய். நான் ஒவ்வொரு நாளும் வயலுக்குப் போய் நின்று பார்த்தேன். நெல் எது, குதிரைவாலிப் புல் எது என்று தெரியாதபடி பச்சையாக நின்றது. நிலத்தைப் பார்க்காதவனுக்கு அது செழிப்பு மாதிரிதான் தெரியும்.

பதினெட்டாம் நாள் நானே மருந்து அடித்தேன். நீ போனில் அளவு சொன்னாய், எந்தப் புட்டி என்று சொல்லவில்லை. ஐம்பத்தொன்பது வயதில் முதுகில் பம்பைக் கட்டிக்கொண்டு, காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்க்கத் தெரியாமல், முகத்தில் ஒரு துணியைச் சுற்றிக்கொண்டு அடித்தேன். ஒன்றரை ஏக்கர் முடியும்போது வரப்பிலேயே வாந்தி எடுத்து உட்கார்ந்துவிட்டேன். பக்கத்து நிலத்துக்காரர் ஷேர் ஆட்டோவில் ஏற்றி வாலாஜாபாத் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். இரண்டு நாள் குளுக்கோஸ் ஏற்றினார்கள். நீ இரண்டாம் நாள் வந்தாய், பழம் வாங்கி வந்தாய், "ஏம்மா அவசரப்பட்ட? இது மொளைக்கறதுக்கு முன்னாடி அடிக்கற மருந்தும்மா" என்றாய். உன் அட்டவணையின் அடிக்குறிப்பில் அந்த நாள் எப்படி இடம்பெற்றிருக்கிறது என்று இப்போது பார்த்தேன். 'களைக்கொல்லி தவறாகப் பயன்படுத்தியது, அம்மா.' நீ வராத மூன்று வாரத்துக்கு ஏன் ஒரு வரி இல்லை?

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த மறுநாள் பச்சையம்மா வீட்டுக்குப் போனேன். இருபது வருஷமாக நம் வீட்டுப் பின்வாசலில் நின்று கூலி வாங்கியவள் அவள். அவள் வீட்டு முன்வாசலில் நான் நின்றது அன்றுதான் முதல் தடவை. அவள் மருமகள் ஒரு சொம்புத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். பச்சையம்மா உள்ளே இருந்து வெளியே வர நேரம் எடுத்துக்கொண்டாள். வந்ததும், "மிஷின் எங்க டீச்சரம்மா?" என்று கேட்டாள். சொம்பைக் கீழே வைத்துவிட்டு, களை எடுக்க ஆள் வேண்டும் என்றேன். "என் ஆளுங்கள்ல நாலு பேரு கம்பெனி கேன்டீன்ல தட்டு கழுவுறாளுங்க. மாசம் பொறந்தா சம்பளம். உன் களைய புடுங்க அதை வுட்டுட்டு வருவாளுங்களா?" என்றாள். "என்ன கூலி கேட்டாலும் தரேன்" என்றேன். "கூலிக்கு வர்ற காலம் போச்சு. நாங்க எடுக்கற பக்கத்துல நாலு மூட்டைக்கு ஒரு மூட்டை எங்களுக்கு. சரின்னா நாளைக்கு எறங்கறோம்." நான் சரி என்றேன். நீ போனில், "பிளாக்மெயில் பண்றாங்கம்மா" என்றாய். வெள்ளைச் சட்டை போட்டவன் விலை சொன்னால் பேரம், பச்சையம்மா விலை சொன்னால் மட்டும் அதற்கு வேறு பெயர். ஆறு பேர் எட்டு நாள் களை எடுத்தார்கள். கீழ்மூலையில் தண்ணீர் தேங்கி முளையிலேயே அழுகிப் போயிருந்தது, அதை யாராலும் காப்பாற்ற முடியவில்லை. தை மாதம் அறுத்தபோது போட்டது வரவில்லை. அந்த வருஷம் நஷ்டம். அதை மறைக்கிற எண்ணம் எனக்கு இல்லை. ஆனால் அது மிஷின் செய்த நஷ்டம் அல்ல. விதைத்த அன்றோடு வேலை முடிந்துவிட்டது என்று நினைத்தவன் செய்த நஷ்டம்.

இரண்டாம் வருஷம் நான் உன்னை நம்பவில்லை. சித்திரையிலேயே மேட்டைச் சீவிக் கீழ்மூலைக்குத் தள்ளி, நிலத்தைச் சமன் செய்தேன். வேளாண்மை விரிவாக்க அலுவலகத்தில் போய் உட்கார்ந்து, எந்தப் புட்டி எந்த நாளில் என்று எழுதி வாங்கினேன். பச்சையம்மாவையும் கூட்டிக்கொண்டு போனேன். அவளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது, ஆனால் அந்த அலுவலரை அவள் கேட்ட கேள்விகளை நான் கேட்டிருக்க மாட்டேன். ஆடி மூன்றாம் வாரம் திங்கட்கிழமைக்கு ஏழுமலையிடம் மிஷின் சொல்லி வைத்தேன். திங்கள் வரவில்லை. செவ்வாய் வரவில்லை. வானம் கறுத்துக்கொண்டு வந்தது. மண் ஈரமாகிவிட்டால் மிஷின் இறங்காது, பருவம் போய்விடும். புதன்கிழமை பச்சையம்மாவோடு அவன் கொட்டகைக்குப் போனேன். ஏழுமலை என் முகத்தைப் பார்க்காமல் மிஷின் சக்கரத்துக்குக் கிரீஸ் வைத்துக்கொண்டே சொன்னான். "உம் புள்ளதாம்மா போன் பண்ணாரு. இந்த வருசம் வெதைக்கல, வாணாம், அம்மா கிட்ட மிஷின் ரிப்பேர்னு சொல்லிடுன்னாரு."

உனக்கு நான் போன் செய்யவில்லை. என் உடம்பை நினைத்து, மறுபடியும் ஆஸ்பத்திரிக்குப் போய்விடுவேனோ என்று பயந்து செய்திருப்பாய் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வெளியே காத்திருந்த பச்சையம்மாவிடம், "மிஷின் ரிப்பேராம்" என்றேன். நீ சொல்லிக்கொடுத்த பொய்யையே நானும் சொன்னேன். பெற்ற பிள்ளையை விட்டுக்கொடுக்க மனசு வரவில்லை. அவள் என்னைத் தாண்டிக்கொண்டு கொட்டகைக்குள் போனாள். "இன்னா ஏழுமலை, ரிப்பேரான மிஷினுக்கு கிரீஸ் வெச்சிக்கினு கீற?" என்று அவள் கேட்டது வெளியே வரை கேட்டது. அன்று மதியமே மிஷின் நம் நிலத்தில் நின்றது. அவள் எல்லாவற்றையும் புரிந்துகொண்டாள் என்று எனக்குத் தெரியும். இன்று வரை அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை.

டிராக்டருக்குப் பின்னால் அவள் நடந்தாள். பத்தடிக்கு ஒரு தரம் குனிந்து மண்ணை விரலால் நோண்டி, விதை எவ்வளவு ஆழத்தில் கிடக்கிறது என்று பார்த்தாள். இரண்டாவது சாலிலேயே வண்டியை நிறுத்தச் சொன்னாள். "ரொம்ப கீழ போது. ரெண்டு வெரக்கடைக்கு மேல போனா மொளை மேல வராது. மிஷினைத் தூக்கி வை" என்றாள். ஏழுமலைக்குக் கோபம். "எம்மா நாளா ஓட்டறேன், எனக்கே சொல்லிக் குடுக்கறியா?" "நீ டிராக்டரை ஓட்டு. வெதை எங்க வுழுதுன்னு நான் பாத்துக்கறேன்." அவன் முனகிக்கொண்டே இறங்கித் திருகைத் திருப்பினான். மாலைக்குள் நான்கு ஏக்கரும் முடிந்தது. வெள்ளிக்கிழமை மழை. ஞாயிற்றுக்கிழமை காலையில், காற்று ஓய்ந்த நேரம் பார்த்து, முகமூடி கையுறை போட்டுக்கொண்டு பச்சையம்மாவின் இரண்டு ஆட்கள் முதல் மருந்தை அடித்தார்கள். பதினைந்தாம் நாள் இரண்டாவது மருந்து. அதற்குப் பிறகும் தப்பி வந்த களையை மூன்று பேர் இரண்டே நாளில் பிடுங்கி முடித்தார்கள். புரட்டாசியில் இருபது நாள் ஒரு சொட்டு மழை இல்லை. ஊரில் நாற்று விட்டவர்கள் நட முடியாமல் மாட்டுக்கு அறுத்துப் போட்டார்கள். நம் பயிர் வேரைக் கீழே விட்டிருந்தது. பகலில் இலை சுருண்டது, காலையில் விரிந்தது. ஐப்பசி மழை வந்ததும் மூச்சு பிடித்துக்கொண்டு எழுந்தது. இந்த நான்கு மாதத்தில் நீ எத்தனை முறை வந்தாய்? தீபாவளிக்கு ஒரு முறை. வயலுக்கு வரவில்லை.

அறுப்பு மிஷின் வந்து அறுத்து, கொள்முதல் நிலையத்தில் போட்டு, பணம் வந்தது. டிராக்டர், விதை, உரம், மருந்து, அறுப்பு, பச்சையம்மா ஆட்களின் பங்கு, எல்லாம் போக, என் உழைப்புக்கும் ஒரு கூலி எடுத்து வைத்தேன். எப்போதும் நம் வீட்டில் விட்டுப்போகிற செலவு அதுதானே. அதற்கும் மேல் மிஞ்சியது. பெரிய பணம் இல்லை. நீ இரண்டு மாதம் வாங்குகிற சம்பளத்துக்குக்கூடச் சமமாகாது. இதை வைத்துப் பணக்காரி ஆகிவிடலாம் என்று நான் யாரிடமும் சொல்லமாட்டேன். மழை இன்னும் பத்து நாள் தள்ளியிருந்தால் இதுவும் இல்லை. ஆனால் மிஞ்சியது. மழையை மட்டும் நம்பிய நிலத்தில், ஏரியில் தண்ணீர் இல்லாத ஊரில், நடவு போட்டிருந்தால் அறுப்பே இருந்திருக்காத ஒரு வருஷத்தில், லாபம் வந்தது. நீ சொன்ன மிஷினால்தான் வந்தது. நீ சொன்னது சரி என்று நிரூபித்ததே நான்தான். அதை உன்னிடம் சொல்ல எவ்வளவு ஆசையாக இருந்தேன் தெரியுமா?

மாசியில் நீ மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு வந்தாய். நான் கணக்கைச் சொல்லச் சொல்ல நீ தட்டினாய். கடைசியில் ஒரு வரி சேர்த்தாய். "இது இன்னா?" என்று கேட்டேன். "லேண்ட் காஸ்ட்மா. இந்த எடம் பிளாட்டா போனா இன்னா வெலையோ, அதை பேங்க்ல போட்டா வருசத்துக்கு இன்னா வட்டியோ, அதை செலவுல ஏத்தணும். அதான் கரெக்ட் கணக்கு" என்றாய். கீழே சிவப்பு வந்தது. நான் மலைத்துப் போனேன். "ஏன்டா, நான் மண்ணு மேல நெல்லு போட்டேன். நீ அது மேல காம்பவுண்டு சுவரு போடற வெலைய ஏத்தறியே. அந்த வெலைக்கு எந்தப் பயிரு ஈடு குடுக்கும்?" "அதைத்தாம்மா நானும் சொல்றேன். எதுவும் குடுக்காது." "அப்போ இது விவசாயக் கணக்கு இல்ல. விக்கற கணக்கு." "நீ எமோஷனலா பேசற" என்று மூடியை மூடினாய். நான் உணர்ச்சிவசப்படவில்லை. இப்போதும் படவில்லை. விளைச்சலில் ஒரு கணக்கு இருக்கிறது, விற்பனையில் ஒரு கணக்கு இருக்கிறது. இரண்டையும் கலந்து எழுதினால் சத்துணவு மையத்தில் அன்றே வேலை போய்விடும்.

அது வரைக்கும் உன்னைக் கணக்குப் புரியாதவன் என்றுதான் நினைத்திருந்தேன். அதற்குப் பிறகு, நிச்சயம் செய்த பெண் பங்குனியில் ஒரு சனிக்கிழமை என்னைப் பார்க்க வந்தாள். தென்காசிப் பக்கத்துப் பெண், உன் கம்பெனியிலேயே தரப்பரிசோதனையில் இருக்கிறாள், ஹாஸ்டலில் தங்கியிருக்கிறாள். இது குழுவில் எல்லோருக்கும் தெரியும். இரண்டு பஸ் மாறித் தனியாக வந்தாள். அல்வா வாங்கி வந்திருந்தாள். வயலைப் பார்க்க வேண்டும் என்றாள், கூட்டிப்போனேன். அறுத்த தாள் எவ்வளவு நெருக்கம் என்று பார்த்துவிட்டு, "அத்தை, இவ்வளவு நல்லா வெளைஞ்சிருக்கே, இதைப் போயி எதுக்கு விக்கியோ?" என்றாள். "யாரு விக்கறா?" என்றேன். அவள் முகம் மாறிவிட்டது. "அவுக சொல்லுதாகளே, படப்பையில வாங்குத பிளாட் வீட்டுக்குக் குடுக்கப் போறதே இந்தப் பணந்தான்னு. போன ஆனியிலயே அட்வான்ஸ் வாங்கியாச்சுன்னும் சொன்னாக. உங்களுக்குத் தெரியும்னுலா நான் நெனச்சேன்" என்றாள். வரப்பில் ஏறும்போது, மெதுவாக, "நான் சொல்லியிருக்கக் கூடாதோ அத்தை?" என்று கேட்டாள். "நீ சொன்னதுதான்மா சரி" என்றேன். அவளை பஸ் ஏற்றிவிட்டு, மாதங்களை விரல் விட்டு எண்ணிக்கொண்டே திரும்பி நடந்தேன்.

ஆனியில் நீ முன்பணம் வாங்கியிருக்கிறாய். ஆடியில் மிஷின் வரவில்லை. நான் உன் பயம் என்று நினைத்ததற்குப் பெயர் வேறு. நிலம் ஒரு வருஷம் தரிசாகக் கிடந்தால் கிழவி சலித்துப்போய்க் கையெழுத்துப் போடுவாள் என்று நீ காத்திருந்தாய். போட்டது விளைந்து தொலைந்ததும், விளைந்ததையே நஷ்டமாக்க ஒரு வரி தேவைப்பட்டது. பட்டா என் பெயரில் இருக்கிறது. உன் அப்பா அதை என் பெயருக்கு ஏன் எழுதினார் என்று இவ்வளவு நாள் யோசித்ததில்லை. நீ நேரில் வந்து, "அம்மா, எனக்கு வீடு வேணும், பணம் பத்தல, நெலத்தைக் குடு" என்று கேட்டிருந்தால் நான் என்ன சொல்லியிருப்பேன் என்று எனக்கே தெரியாது. ஒருவேளை கொடுத்திருப்பேன். நீ கேட்கவில்லை. மழையையும் களையையும் என் முதுகையும் சாட்சிக்கு இழுத்து, நிலத்தின் மேல் பழி போட்டாய்.

இதில் என் பங்கு இருக்கிறது, அதையும் எழுதுகிறேன். உனக்குப் பத்து வயது இருக்கும்போது நடவு நடந்துகொண்டிருந்த வயலுக்கு ஓடி வந்தாய். பச்சையம்மா உன் கையில் நாலு நாற்றைக் கொடுத்து ஊன்றச் சொன்னாள். நீ சிரித்துக்கொண்டே ஒரு முழ நீளத்துக்கு நட்டாய். நான் மையத்திலிருந்து வந்தவள் அதைப் பார்த்துவிட்டு, அத்தனை பெண்கள் எதிரில் உன்னை அறைந்தேன். "படிக்கிற புள்ளைக்கு சேத்துல இன்னாடா வேலை?" என்று கத்தினேன். அதைக் கேட்டுக்கொண்டு அந்தச் சேற்றிலேயே நின்றிருந்த பத்துப் பெண்களைப் பற்றி நான் அன்றைக்கு நினைக்கவில்லை. பிறகு உன்னை இன்ஜினியரிங் சேர்க்க ரோட்டோரத்து இரண்டு ஏக்கரை விற்கலாம் என்று சொன்னதும் நான்தான். உன் அப்பா மூன்று நாள் சாப்பிடவில்லை, நான் விடவில்லை. நிலம் என்பது அவசரத்துக்கு விற்கிற பொருள், அதில் இறங்குகிறவர்கள் நம்மைவிடக் கீழானவர்கள் என்று உனக்கு முதலில் சொல்லிக்கொடுத்தவள் நான். நீ நல்ல மாணவன். சொன்னதை அப்படியே பிடித்துக்கொண்டாய். ஆனால் திருட நான் சொல்லிக்கொடுக்கவில்லை, அது நீயாகக் கற்றது.

கல்யாணம் ஆகப்போகிறவனுக்கு அம்மா புத்தி சொல்லாமல் இருக்கக்கூடாது என்பார்கள். சொல்கிறேன். அந்தப் பெண்ணிடம், "ஏன் சொன்னாய்?" என்று ஒரு வார்த்தை கேட்காதே. கேட்டால் எனக்குத் தெரிய வரும், அவள் என் எண்ணை வாங்கிக்கொண்டுதான் போயிருக்கிறாள். உன் வீட்டில் அவள் செய்யப்போகிற வேலைக்கு உன் கணக்கில் ஒரு வரி ஒதுக்கு. நீ வருவதாகச் சொல்லி வராத நாளுக்கும் ஒரு வரி ஒதுக்கு. அவள் இல்லாத இடத்தில் அவளைப் பற்றி நாலு பேரிடம் முறையிடாதே. எதையாவது விற்க ஆசை வந்தால் அதைப் பார்த்து, "உன்னை விற்கப்போகிறேன்" என்று சொல்லிவிட்டு விற்றுப் பழகு. இதற்கு மேல் உனக்குச் சொல்ல என்னிடம் புத்தி இல்லை, இருந்தாலும் இப்போது கொடுக்கிற மனசு இல்லை.

இனி நடந்ததைச் சொல்கிறேன். போன வாரம் நிலத்தைப் பங்குக் குத்தகைக்கு விட்டுவிட்டேன். ஐந்து வருஷம். பச்சையம்மாவும் அவளோடு இன்னும் ஏழு பெண்களும் எடுத்திருக்கிறார்கள். கேன்டீனுக்குப் போன நாலு பேரில் இரண்டு பேர் திரும்பி வந்துவிட்டார்கள். விளைவதில் மூன்றில் ஒரு பங்கு எனக்கு, மிச்சம் அவர்களுக்கு. மிஷின் வாடகையும் மருந்தும் அதே விகிதத்தில். முத்திரைத்தாளில் எழுதி, பதிவு செய்தாகிவிட்டது. பச்சையம்மா கைநாட்டு வைக்கப் போனவள் நின்று, "டீச்சரம்மா, உம் புள்ள வந்து சண்டை போட்டா இன்னா பண்றது?" என்று எல்லோர் எதிரிலும் கேட்டாள். "எங்கிட்ட வரச் சொல்லு" என்றேன். "உங்கிட்ட வந்தா நீ எளகிடுவியே" என்றாள். அதனால்தான் இதை எழுத வேண்டியிருந்தது. எழுதி எல்லோரும் படித்துவிட்டால் நான் இளக முடியாது.

வாங்கின முன்பணத்தை நீயே திருப்பிக் கொடு. என் கையெழுத்தை விலை பேசினவன் நீ, அதனால் பணம் கொடுத்த மனிதரின் கோபமும் உனக்குத்தான். கல்யாணத்துக்கு வருவேன். உன் அப்பா இடத்திலும் சேர்த்து நான்தான் நிற்க வேண்டும், நிற்பேன். சபையில் யாரும் நிலத்தைப் பற்றிப் பேசக்கூடாது. உன் பெரியப்பாவுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன். ஐந்து வருஷம் கழித்து அந்த நான்கு ஏக்கரில் விதைக்க உனக்கு நிஜமாகவே ஆசை வந்தால், போய்ப் பச்சையம்மாவிடம் கேள். முன்வாசலில் நின்று கேள். அவள் வெளியே வர நேரமாகும், காத்திரு. நான் சிபாரிசு செய்யமாட்டேன்.

உன்னைப் பெற்றதில் வருத்தமில்லாத, உன் மேல் கோபம் தீராத,
அம்மா